உங்கள் இயல்பான உடையில் வரவும்

மூன்றாம் ஆண்டு முடியும் மார்ச் மாதத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் வேலை தேடும் படலம் தொடங்கியதும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் முடி கறுத்துவிடும். வெள்ளிக்கிழமை வரை இளஞ்சிவப்பும் ஊதாவுமாக அலைந்தவர்கள் திங்கட்கிழமை கருகருவென்று வந்து நிற்பார்கள். கறுப்புக் கோட்டு, கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கைப்பை. முடியை எந்த உயரத்தில் கட்ட வேண்டும் என்று பல்கலைக்கழகமே வகுப்பு வைத்துச் சொல்லித் தரும். நாடியிலிருந்து காதுக்கு ஒரு கோடு போட்டு, அதை அப்படியே பின்னால் நீட்டினால் எங்கே போய் நிற்கிறதோ அங்கே கட்ட வேண்டுமாம். நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, அந்த வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

என் சிநேகிதி ஓரியே மூன்று வருடமாகக் கிளிப்பச்சை முடியோடு திரிந்தவள். அந்தத் திங்கட்கிழமை கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"என்னடி முழிக்கிற? நான்தான்."

"யாரு செத்துட்டாங்க?"

"என் முடிதான். ரொம்ப நல்ல முடி, ஆத்மா சாந்தியடையட்டும்." நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே என் கால்களைப் பார்த்தாள். "நீ எப்ப மாறப்போற மிசாவோ? இந்த மூட்டையைக் கட்டிக்கிட்டு இன்டர்வியூக்குப் போனா, கூரை ஒழுகுது, ஏறிப் பாருன்னு அனுப்பிடுவாங்க."

மூட்டை என்று அவள் சொன்னது என் கால்சட்டையை. கட்டட வேலையில் சாரம் கட்டுகிறவர்கள் போடுவது. தொடையிலிருந்து கீழே வர வரத் தொளதொளவென்று உப்பி, கணுக்காலில் இறுக்கிப் பிடிக்கும். என் அப்பா சாரம் கட்டுகிறவர். முதலாம் ஆண்டில் ஒரு மழை நாளில் என் துணி ஒன்றும் காயாமல் போக, அவருடையதை எடுத்து மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அன்று முழுக்க எனக்கு உட்காரவும் ஓடவும் குந்தவும் அவ்வளவு சுகமாக இருந்தது. பை வேறு ஆழம். புத்தகமே உள்ளே போகும். அடுத்த வாரமே வேலைத்துணிக் கடைக்குப் போய் எனக்கென்று ஒன்று வாங்கினேன். கருநீலம். பிறகு ஊதா, பிறகு கறுப்பு. கண்ணாடியில் என்னைப் பார்த்து 'நீதானா அது?' என்று கேட்கத் தோன்றாத முதல் உடை அதுதான். அழகு என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் அவ்வளவே.

அப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. "ஊர்ல எவ்வளவோ பாவாடை இருக்கு, என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கறதுக்குன்னே இதைப் போட்டுக்கறியா?" என்பார். நாங்கள் இருவர் மட்டும்தான் வீட்டில். அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே வேறு குடும்பம் தேடிக்கொண்டு நாகோயா போய்விட்டாள். எங்கள் பால்கனிக் கொடியில் அவருடைய கால்சட்டையும் என்னுடையதும் சேர்ந்து காயும். அவர் தன்னுடையதைத் தனியாக நகர்த்தி வைப்பார்.

எனக்கும் கறுப்பு உடை இருந்தது. அப்பாவே கடைக்குக் கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தது. அதை மாட்டிக்கொண்டு வசந்தம் முழுக்க அலைந்தேன். அதற்குள் புகுந்தால் என் வாயிலிருந்து என் பேச்சே வராது. "நான் மசகு எண்ணெய் போன்றவள். எந்தக் குழுவில் சேர்ந்தாலும் உராய்வைக் குறைப்பேன்" என்று ஒரு கம்பெனியில் சொன்னேன். எனக்கு முன்னால் பேசியவளும் மசகு எண்ணெய்தான். வேலை இல்லை என்பதை எங்கள் ஊரில் எவரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். 'உங்கள் எதிர்காலம் சிறக்கப் பிரார்த்திக்கிறோம்' என்று எழுதுவார்கள். எனக்காக அத்தனை கம்பெனிகள் பிரார்த்தித்தும் என் எதிர்காலம் அசையக் காணோம்.

ஜூன் தொடங்குமுன் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. உண்மையில் எனக்கு வேலை வேண்டியிருந்ததும் அந்த ஒரே இடத்தில்தான். சாரக் கம்பமும் கம்பங்களைப் பூட்டும் கொக்கியும் செய்து விற்கிற கம்பெனி. நான் அவர்களுடைய பெயரைக் கேட்டு வளர்ந்தவள். அப்பா வீட்டுக்கு வந்ததும் அவர்களைத் திட்டிவிட்டுத்தான் குளிக்கப் போவார். புதுக் கொக்கி பனிக்காலத்தில் கையுறையோடு பூட்ட வரவில்லை, பழசே மேல் என்பார். அந்தத் திட்டையெல்லாம் கேட்க அந்தக் கம்பெனியில் ஒருத்தி இருக்க வேண்டும், அது நானாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. படித்த படிப்பில் எனக்கு வந்த ஒரே ஆசை அது. முதல் இரண்டு சுற்றும் எழுத்துத் தேர்வு என்பதால் என் உடை அவர்கள் கண்ணில் படவில்லை, தேறிவிட்டேன்.

மூன்றாவது சுற்று நேர்முகம். அழைப்பின் கடைசி வரியில் 'உங்கள் இயல்பான உடையில் வரவும்' என்று இருந்தது.

ஓரியேவிடம் காட்டினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சுடா. இதுதான் இருக்கறதுலயே கஷ்டமான கேள்வி."

"இதுல என்ன கஷ்டம்?"

"இயல்புன்னா சந்தன கலர் ஜாக்கெட்டு. உள்ள வெள்ளை. கீழ கருநீலம். தோடு இருக்கலாம், ஆனா இருக்கறது தெரியக் கூடாது. எல்லாருக்கும் தெரியும்டி."

"அப்ப அப்படியே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எழுதாததைப் படிக்கத் தெரியுதான்னுதான் பாக்கறாங்க." குரலைத் தணித்தாள். "மிசாவோ, நான் சொல்றதைக் கேளு. காலையில ஒன்பதுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் வேஷம். அப்புறம் வீட்டுக்கு வந்து நீ எந்த மூட்டையை வேணா கட்டிக்கோ. நான் அப்படித்தான் இருக்கப்போறேன்."

அவள் முட்டாள் இல்லை. அவளுக்கு ஒரு வங்கியில் இடம் கிடைத்தும் விட்டது. ஆனால் ஆறு மணிக்கு மேல் மிச்சம் இருப்பவள் யார், அவளுக்குப் பச்சை முடி வைத்துக்கொள்ளத் தெம்பு இருக்குமா என்பது என் சந்தேகம். நாளின் நல்ல வெளிச்சத்தையெல்லாம் வேஷத்துக்குக் கொடுத்துவிட்டு, இருட்டின பிறகு நான் நானாக இருப்பதா? அப்படி ஒரு வாழ்க்கையைத் திட்டம் போட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை. இயல்பான உடை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

அன்று அப்பா விடிவதற்குள் வேலைக்குப் போய்விட்டார். நான் ஊதாக் கால்சட்டையை இஸ்திரி போட்டு, வெள்ளைச் சட்டையை உள்ளே செருகி, கட்டைவிரல் தனியாகப் பிரிந்த வேலைக் காலணியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஹொம்மாச்சி என்ற அலுவலகப் பகுதியில் கம்பெனிக்குச் சொந்தமான எட்டு மாடிக் கட்டடம். வாசலில் வெள்ளைக் கையுறை போட்ட காவல்காரர் குனிந்து வணங்கிவிட்டு, ரொம்ப மரியாதையாக வழியை மறித்தார்.

"ஒப்பந்தக்காரங்க பின்பக்கம் வரணும்மா. சரக்கு லிஃப்டு அங்க இருக்கு."

"நான் இன்டர்வியூக்கு வந்திருக்கேன்."

"இருக்கலாம்மா. வேலைத்துணியில இருக்கறவங்க முன் லிஃப்டுல ஏறக் கூடாது." சுவரில் பலகை இருந்தது. அதையும் வணங்குவது போலக் கை நீட்டிக் காட்டினார். என் பின்னால் சந்தன நிற ஜாக்கெட்டு ஒன்று வந்தது. அதற்குக் கதவைத் திறந்து விட்டார்.

வாதாட நேரமில்லை, பின்னால் ஓடினேன். லிஃப்டுக்குள் தண்ணீர் கேன் வண்டியோடு ஒருவர் நின்றிருந்தார். "எட்டுல என்ன ரிப்பேர்?" என்றார். "இன்டர்வியூ" என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டார். கழிவறைக்கும் துடைப்பம் வைக்கும் அறைக்கும் நடுவே கதவு திறந்தது. மானம் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, யாருடைய மானம் என்று யோசித்தேன். எனக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது.

உள்ளே எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக உட்கார வைத்தார்கள். மற்ற நால்வரும் சந்தன நிறம். எதிரே மூன்று பேர், மூவரும் கருநீலக் கோட்டு. நடுவில் இருந்தவர் கட்சுராகி, ஆளெடுக்கும் பிரிவின் தலைவர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கிததானி மிசாவோ. எங்களுக்காக இவ்வளவு மெனக்கெட்டு வேஷம் போட்டு வந்திருக்கீங்களே! எங்க வாடகைக்கு எடுத்தீங்க?"

"வாடகை இல்ல சார், சொந்தம். இன்னும் ரெண்டு இருக்கு."

"தினமும் இதுவா?"

"மழைன்னா கறுப்பு போடுவேன். சேறு தெரியாது."

சிரித்தார்கள். அதன்பின் கேட்டதற்கெல்லாம் பதில் தானாக வந்தது. அவர்களுடைய புதுக் கொக்கியைப் பனிக்காலத்தில் யார் எப்படித் திட்டுகிறார்கள் என்பதைத் திட்டை மட்டும் தணிக்கை செய்து சொன்னேன். ஒரு முறைகூட மசகு எண்ணெய் வரவில்லை. ஓரத்தில் இருந்தவர் வேகமாக எழுதிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் வழக்கம்போல எங்களுக்குக் கேள்வி உண்டா என்றார்கள். அதற்கும் எல்லாரும் தயார் செய்துகொண்டு வருவார்கள். "சேருமுன் நான் எதைப் படித்துவிட்டு வர வேண்டும்?" என்று நால்வரில் மூவர் கேட்டார்கள். என் முறை வந்தது.

"உங்க கம்பத்துல ஏறி வேலை செய்யறவங்க எல்லாரும் போடறது இந்தத் துணிதான். அவங்க இங்க வந்தா ஏன் சார் சரக்கு லிஃப்டுல ஏறணும்?"

எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. "அது... கட்டட விதி" என்றார் கட்சுராகி.

"கட்டடம் உங்களோடதுதானே?"

பக்கத்துச் சந்தன ஜாக்கெட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டதை நான் கேட்டேன். இனி இவர்களும் பிரார்த்திப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வணங்கிவிட்டு வந்தேன். திரும்பும்போதும் சரக்கு லிஃப்டுதான்.

அடுத்த வாரம், நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது கட்சுராகியே கூப்பிட்டார். என்னை எடுத்துக்கொள்வதாக முடிவாகிவிட்டது என்றார். நான் எழுந்து நின்று போனுக்கு வணக்கம் போட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

"உங்களை யாருமே மறக்கல, கிததானி. அடுத்த வருஷ ஆளெடுப்பு விளம்பரத்துல நீங்கதான் அட்டைப்படம். அதே ஊதா உடை. 'இங்கே நீங்கள் நீங்களாகவே இருக்கலாம்'னு பெரிய எழுத்துல போடப்போறோம்."

"சரிங்க சார்."

"வேலையில சேர்ந்த பிறகு கறுப்புக் கோட்டுதான், அது சொல்ல வேண்டியதில்ல. அப்புறம், போட்டோ எடுக்கற அன்னிக்கு..." கொஞ்சம் தயங்கினார். "அந்த உடையில வர்றதால, பின்பக்கம் வந்துடுங்க. காவல்காரர்கிட்ட சொல்லி வைக்கறேன், சரக்கு லிஃப்டுல அனுப்பிடுவார். நாளைக்குள்ள உங்க சம்மதத்தைச் சொல்லிட்டா போதும்."

அப்பாவுக்குப் போன் செய்தபோது முதல் பாதியைத்தான் சொன்னேன். சாரத்தின் மேல் இருந்தே கத்தினார் போலிருக்கிறது. கீழே யாரோ என்ன ஆச்சு என்று பதறுவது கேட்டது. மாலையில் தலையும் வாலுமாக முழுச் சங்கரா மீனோடு வந்தார். நல்ல காரியத்துக்குத்தான் அந்த மீன் வாங்குவோம். சிவந்த தோலில் கரகரவென்று உப்புத் தேய்த்துச் சுட்டார். கூட வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டதாம். "கம்பக் கம்பெனிக்காரிக்கு அப்பன்டா நான், இனிமே கொக்கி சரியில்லன்னா வீட்டுக்குள்ளயே புகார் குடுப்பேன்னு சொன்னேன்" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று. மீனின் கன்னத்துச் சதையைத் தோண்டி என் தட்டில் வைத்தார்.

அதை வாயில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். அட்டைப்படம், கறுப்புக் கோட்டு, பின்வாசல், எல்லாவற்றையும். மாட்டேன் என்று சொல்லப்போகிறேன் என்பதையும்.

அப்பா சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். "கிறுக்குப் புடிச்சிருக்கா? ஒரு லிஃப்டுக்காகவா?"

"உன் துணியை அட்டையில போடுவாங்களாம். உன்னை மட்டும் பின்னாடி வரச் சொல்லுவாங்களாம்."

"நான் அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கேன். உடைஞ்ச கொக்கியை மாத்தறதுக்கு. சரக்கு லிஃப்டு நல்ல பெருசு, கம்பமே நிக்கும். எனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகல. எனக்காகக் கோவிச்சுக்கோன்னு உன்கிட்ட வந்து அழுதேனா?"

"இல்ல."

"உனக்கு இது ஸ்டைலு. எனக்குச் சோறு. ரயில்ல நான் உக்காந்தா பக்கத்துல எவனும் உக்கார மாட்டான், தெரியுமா? நீ வேணாம்னா கழட்டிப் போட்டுட்டுப் போயிடலாம். அதுக்குத்தான்டி உன்னைப் படிக்க வெச்சேன்."

அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் உண்மை. நான் ஒரு நாளும் கம்பத்தில் ஏறியதில்லை. உயரம் என்றால் எனக்குக் கால் நடுங்கும். ஆனால் அதற்காக வாயை மூடிக்கொள்ள முடியவில்லை.

"எனக்குப் பக்கத்துலயும் யாரும் உக்கார்றதில்லப்பா. மூணு வருஷமா. கழட்டினா உக்காருவாங்கன்னா, அதுக்காகவே கழட்ட மாட்டேன். அன்னிக்கு அந்த லிஃப்டுல ஏறினது நீ இல்ல, நான். கோவம் என்னோடது. உனக்குப் பங்கு கிடையாது."

"வேலைக்கு என்ன பண்ணுவ?"

"தேடுவேன். இதே துணியில போய்த் தேடுவேன்."

"எதுவும் கிடைக்கலன்னா எங்கிட்ட வருவியா? எங்க கூட்டத்துல, போக்கிடம் இல்லன்னு வர்றவனை நாங்க சேக்கறதில்ல."

"போக்கிடம் இருக்கு. வேண்டாங்கறேன், அவ்வளவுதான்."

மீனில் பாதி அப்படியே ஆறிப்போனது. அப்பாவின் சிரிப்பை என் கையாலேயே அணைத்துவிட்டேன் என்று எனக்கு நெஞ்சு வலித்தது. வலித்தாலும் மனம் மாறவில்லை.

காலையில் மழை கொட்டியது. மழையென்றால் சாரத்தில் வேலை கிடையாது. அப்பா மேசையில் நேற்றைய மீன் தலையைக் குழம்பாக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ஒதுங்கிப் பேச வேறு அறை இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நின்றே போன் செய்தேன். கட்சுராகியின் குரல் மேசை வரைக்கும் கேட்டது.

"ஒரு உடைக்காகவா கிததானி? நல்லா யோசிங்க."

"கறுப்புக் கோட்டைக்கூட மல்லுக்கட்டி மாட்டியிருப்பேனோ என்னவோ சார். ஆனா போட்டோவுல முன்னாடி, லிஃப்டுல பின்னாடின்னா அது எப்படி சார்?"

"அது கட்டட விதி..."

"உங்க கட்டடம்."

நீண்ட பெருமூச்சு கேட்டது. "உங்க வீட்டுல என்ன சொல்றாங்க?"

"திட்டறாங்க."

"அப்போ... போட்டோவுக்கு மட்டுமாவது வர முடியுமா? வடிவமைப்பெல்லாம் முடிஞ்சு போச்சு. அந்த உடை இல்லன்னா எல்லாம் வீணாயிடும்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "நிஜமாவே அதைப் போட்டு வேலை செய்யறவரை எடுங்க சார். எங்க அப்பா இருக்கார். என்னைவிட அவருக்குப் பொருத்தமா இருக்கும். ஆனா முன்வாசல் வழியாத்தான் வருவார்."

அப்பா திரும்பி இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினார். பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார் கட்சுராகி. சொல்லப் போவதில்லை என்பது அவர் குரலிலேயே இருந்தது. நன்றி சொல்லி, வணங்கி, வைத்தேன். வேலை போய்விட்டது.

"யாரைக் கேட்டுடி என்னை இழுத்த?" என்றார் அப்பா. "போட்டோவாம் போட்டோ. இந்த மூஞ்சியை அட்டையில போட்டா ஒருத்தன் வேலைக்கு வருவானா?"

"சரி, வரவேண்டாம்."

அவர் மறுபடி கிண்ணத்துக்குக் குனிந்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார். மழை பால்கனியில் அடித்துக்கொண்டிருந்தது. காயாத துணிகள் உள்ளே எங்கள் தலைக்கு மேலே தொங்கின. கிண்ணத்தைக் கழுவ எழுந்தார்.

"முன்வாசல்னா போகலாம்" என்றார், என்னைப் பார்க்காமல். "அந்தக் கட்டடம் கட்டினப்போ சாரம் போட்டது எங்க ஆளுங்கதான். எட்டாவது மாடி வரைக்கும் நான் வெளியில நின்னு பாத்திருக்கேன். முன்பக்கம் உள்ள எப்படி இருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."